காசின் நினைவும் மதிப்பின் எடையும்

(பொரளையில் நடைபெற்ற கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)

தலைவர் அவர்களே, வெள்ளவத்தையிலிருந்தும் கொட்டாஞ்சேனையிலிருந்தும் வந்திருக்கும் அன்பர்களே, வன்னியிலிருந்து இரவெல்லாம் பேருந்தில் பயணஞ்செய்து இன்று காலை வந்திறங்கிய கமக்காரப் பெருமக்களே, தாய்மாரே!

இன்று நம்முன் ஒரு யோசனை வைக்கப்பட்டிருக்கின்றது. ஊர்களிற் சிலவற்றில் குளத்து வாய்க்கால் துப்புரவுக்கு ஆட்கள் வருவது குறைந்துவிட்டது. முன்பு சனசமூக நிலையத்தின் மணி ஒலித்தால் வீட்டுக்கு ஒருவர் மண்வெட்டியோடு வந்து நிற்பர். இப்பொழுது பத்து வீட்டுக்கு ஒருவர் வந்தாற் பெரிது. ஆகவே, கொழும்பில் உத்தியோகம் பார்க்கும் நாம் மாதந்தோறும் ஒரு தொகை சேர்த்து அனுப்புவது. வேலைக்கு வருவோர்க்கு அதிலிருந்து நாட்காசு கொடுப்பது. வராத குடும்பத்தின்மேல் தண்டம் விதிப்பது. இதுவே யோசனை.

யோசனையைக் கொண்டுவந்த அன்பர்களின் நோக்கம் நல்லது. ஊரை மறவாத உள்ளத்திலிருந்து பிறந்தது அது. ஆயினும் நல்ல நோக்கத்தோடு எழுதப்பட்ட உறுதிகள் பல நீதிமன்றத்திற் கிழிந்துபோனதை நாம் கண்டிருக்கின்றோம். ஆகவே கைதூக்கி நிறைவேற்றுமுன் ஒரு கேள்வியைக் கேட்போம். மதிப்புக்காகவும் உறவுக்காகவும் மனிதர் செய்துவந்த ஒரு காரியத்தின் பக்கத்திற் காசைக் கொண்டுபோய் வைத்தால், அந்த மதிப்புக்கு என்ன நேர்கின்றது?

பணம் என்றாற் பிணமும் வாய் திறக்கும் என்று நம்முன்னோர் சொல்லிவைத்தனர். பிணம் வாய் திறக்கலாம். உயிருள்ள மனிதனின் உள்ளம் காசைக் கண்டதும் எதை மூடிக்கொள்கின்றது என்பதே இன்றைய விசாரணை. இதை மேடைப் பேச்சாக வைத்துக்கொள்ளாமல் வழக்காக நடத்துவோம். சாட்சிகளை அழைப்போம். குறுக்கு விசாரணையும் செய்வோம். தீர்ப்பு உங்களுடையது.

மூளை சொல்லும் சாட்சி

முதற் சாட்சி ஜப்பானின் ஒகசாக்கி நகரிலிருந்து வருகின்றது. 2008-ஆம் ஆண்டு, அங்குள்ள தேசிய உடலியல் ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த இசுமா, சைத்தோ, சதாத்தோ என்னும் மூவர் ஓர் ஆய்வை வெளியிட்டனர். சிலரை எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுக்கவைத்து, ஒருமுறை அவர்கள் விளையாடிப் பணம் வெல்லும்படி செய்தனர். மற்றொருமுறை, அவர்களைப் பற்றிப் பிறர் கூறியனவாகச் சொல்லி, “இவர் நம்பத்தக்கவர்”, “இவர் அன்பானவர்” என்பன போன்ற சொற்களைக் காட்டினர். இருமுறையும் மூளை எவ்வாறு வேலை செய்தது என்று படம் பிடித்தனர்.

மூளையின் ஆழத்தே ஸ்ட்ரையேட்டம் என்றொரு பகுதி உண்டு. பசித்தவன் சோற்றைக் கண்டபொழுதும், வெயிலில் நடந்தவன் தண்ணீரைக் கண்டபொழுதும் அது கிளர்ச்சி கொள்ளும். பணம் கிடைத்தபொழுதும் அப்பகுதி கிளர்ந்தது. நற்பெயர் கிடைத்தபொழுதும் அதே பகுதி கிளர்ந்தது. நற்பெயரும் காசும் மூளைக்குள் வெவ்வேறு கடைகளில் விற்கப்படும் பொருள்கள் அல்ல. ஒரே தராசில் நிறுக்கப்படுவன என்று அவ்வாய்வாளர் முடிவு கூறினர்.

இதிலிருந்து முதலிற் கொள்ளவேண்டிய பாடம் ஒன்றுண்டு. “பெயருக்காகத்தானே செய்கிறான்” என்று ஊரில் இளக்காரமாகப் பேசுவோர் உளர். பெயருக்காகச் செய்வது குற்றமன்று. பிறர் தன்னை நல்லவன் என எண்ணவேண்டும் என்ற வேட்கை, பசியைப் போலவும் தாகத்தைப் போலவும் மனிதனுக்குள் வேரூன்றியது. ஊருக்குழைப்பவனுக்கு ஊர் கொடுக்கும் மரியாதை அவனுக்கு உண்மையான வருமானம். அதைக் கொடுக்கத் தவறிய ஊர் கூலி கொடுக்கத் தவறிய முதலாளிக்கு ஒப்பாகும்.

இரண்டாம் சாட்சியும் ஜப்பானியரே. 2010-இல் தாமகாவா பல்கலைக்கழகத்தில் முரயாமாவும் அவர்தம் துணைவரும் ஒரு சிறு விளையாட்டை வைத்தனர். கடிகாரத்தைச் சரியாக ஐந்தாவது வினாடியில் நிறுத்தவேண்டும், அவ்வளவே. ஒரு சாராருக்கு வெற்றிக்கு வெற்றி காசு கொடுக்கப்பட்டது. மறுசாரார் காசின்றி விளையாடினர். பின்னர் இரு சாராருக்குமே காசு இல்லை என்று அறிவிக்கப்பட்டது. முன்பு காசு பெறாதோரின் மூளை இரண்டாம் முறையும் விளையாட்டிற் கிளர்ந்தது. முன்பு காசு பெற்றோரின் மூளையில் அக்கிளர்ச்சி அடங்கிப்போயிற்று. ஓய்வு நேரத்தில் அவ்விளையாட்டைத் தாமாக எடுத்து விளையாடுவதும் அவர்களிடம் குறைவாகவே இருந்தது.

இச்சாட்சியின் வலுவை அளந்துகொள்வோம். காசு கொடுக்கும்வரை அவர்கள் ஊக்கத்தோடேயே விளையாடினர். தீங்கு தோன்றியது காசு நின்ற பின்னரே. காசு வருமுன் இருந்த இடத்துக்கு அவர்களின் உள்ளம் திரும்பவில்லை. நாம் கொழும்பிற் சேர்க்கப்போகும் நிதி எத்தனை ஆண்டுக்குத் தொடரும்? மூன்று ஆண்டு? ஐந்து ஆண்டு? ஆறாம் ஆண்டில் வாய்க்காலின் கதி யாது? இக்கேள்வியை இங்கே முடிந்து வைத்துக்கொள்வோம்.

குறுக்கு விசாரணை

மூன்றாம் சாட்சி இவ்விரண்டையும்விடப் பெரிய செய்தியைச் சொல்கின்றது. அதனாலேயே அதைக் கூடுதலாகச் சோதிக்கவேண்டும். காசைக் கையில் வாங்க வேண்டியதில்லை, நினைத்தாலே போதும் என்பது அதன் கூற்று. 2006-இல் கதலீன் வோஸ் என்ற அமெரிக்கப் பேராசிரியரும் அவர்தம் துணைவரும், பணத்தை நினைவூட்டும் சொற்களையும் படங்களையும் சிலர்க்குக் காட்டினர். அவ்வாறு காட்டப்பெற்றோர் பிறரிடம் உதவி கேட்கத் தயங்கினர். பிறர்க்கு உதவுவதும் குறைந்தது. ஒருவர் கையிலிருந்த பென்சில்கள் சிதறியபொழுது குறைவாகவே பொறுக்கிக் கொடுத்தனர். பேசவரும் ஒருவருக்காக நாற்காலி போடச் சொன்னபொழுது சற்றுத் தள்ளியே போட்டனர்.

2009-இல் வோஸ் மேலும் இருவரோடு சேர்ந்து வெளியிட்ட ஆய்வில், சீன மாணவர் சிலர் பணத்தாள்களை எண்ணினர். வேறு சிலர் வெறுந்தாள்களை எண்ணினர். பின்னர் ஒரு கணினி விளையாட்டில் அவர்கள் வேண்டுமென்றே ஒதுக்கிவைக்கப்பட்டனர். பணத்தை எண்ணியோர்க்கு அந்த ஒதுக்கல் அவ்வளவாக உறைக்கவில்லை. பிறர் நம்மை ஒதுக்குவது நோகவில்லையென்றால், பிறர் நம்மை அணைப்பதன் தேவையும் அவ்வளவுக்குக் குறைந்துவிட்டது என்றே பொருள். காசு ஒரு சுவர்போல் நின்று, மனிதரின் சூட்டையும் குளிரையும் ஒருங்கே தடுக்கின்றது.

கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கின்றது. ஆயினும் எதிர்த்தரப்புக்கு இங்கே வலுவான வாதம் உண்டு. அதை மறைப்பது நமது தொழிலுக்கு அழகன்று. பணத்தின் படத்தைக் காட்டிய மாத்திரத்தில் மனிதரின் மனப்போக்கு மாறுகின்றது என்று இவ்வழியிலேயே நடத்தப்பட்ட வேறோர் ஆய்வை, 36 ஆய்வுக் குழுக்கள் சேர்ந்து ஆறாயிரத்துக்கு மேற்பட்டோரிடம் மறுபடி செய்துபார்த்து 2014-இல் முடிவை வெளியிட்டன. சொல்லப்பட்ட விளைவு தோன்றவில்லை. அதன் பின்னர் வந்த சோதனைகளிலும், சிறு எண்ணிக்கையினரிடம் பெரிதாகத் தெரிந்தது பெரிய எண்ணிக்கையினரிடம் மிகச் சிறிதாகிப் போயிற்று.

ஆகவே மூன்றாம் சாட்சியை நாம் முழுமையாக நம்பவில்லை. பணத்தாளின் படத்தைக் கண்டதும் தமிழன் கல்நெஞ்சனாகிவிடுவான் என்று எவரேனும் மேடையிற் கூறினால் நம்பிவிடாதீர்கள். கண்ணிற்படும் காசு பெரிய தீங்கு செய்வதாக உறுதிப்படவில்லை. ஆனால் ஒரு காரியத்தின் கழுத்தில் விலைச்சீட்டாகக் கட்டப்படும் காசு வேறு. அதன் விளைவுக்கு உறுதியான சாட்சியம் உண்டு. அதைப் பார்ப்போம்.

தண்டம் விலையான கதை

இஸ்ரேலில் உள்ள ஹைஃபா நகரில் பத்துக் குழந்தைக் காப்பகங்களை ஆய்வாளர் இருவர் இருபது வாரம் கவனித்தனர். மாலையில் பிள்ளைகளை அழைத்துச்செல்லப் பெற்றோரிற் சிலர் பிந்தி வருவர், பணிப்பெண்கள் காத்திருப்பர். ஆறு காப்பகங்களில், பத்து நிமிடத்துக்குமேற் பிந்தினாற் பத்து ஷெக்கல் தண்டம் என்று அறிவித்தனர். சட்டம் படித்த நாம் என்ன எதிர்பார்ப்போம்? பிந்துவோர் தொகை குறையும் என்போம். நடந்தது வேறு. பிந்துவோர் தொகை ஏறக்குறைய இருமடங்காயிற்று.

காரணம் எளிது. தண்டம் வருமுன் பிந்தி வந்த தாய், காத்திருந்த பெண்ணின் முகத்தைப் பார்க்க வெட்கினாள். தண்டம் வந்தபின் அவள் வெட்கவில்லை, கட்டணம் செலுத்தினாள். தண்டம் என்று பெயரிட்டனர். பெற்றோர் அதை விலை என்று வாசித்தனர். பின்னர் தண்டத்தை நீக்கியபொழுதும் பிந்துதல் குறையவில்லை. போன வெட்கம் திரும்பவில்லை. 2000-ஆம் ஆண்டில் இவ்வாய்வு சட்டவியல் ஆய்விதழ் ஒன்றில் வெளிவந்தது. தண்டனைச் சட்டம் இயற்றுவோர் அனைவரும் படிக்கவேண்டியது.

கமக்காரப் பெருமக்களே, இதை உங்கள் வாய்க்காலில் வைத்துப் பாருங்கள். துப்புரவுக்கு வராதவனுக்கு ஐந்நூறு ரூபா தண்டம் என்று கமக்கார அமைப்புத் தீர்மானிக்கின்றது. வசதியுள்ளவன் ஐந்நூறு ரூபாவை வீசிவிட்டு வீட்டிற் படுத்திருப்பான். அதுவரை அயலவன் முகத்தில் விழிக்கக் கூச்சப்பட்டவன், இனி நிமிர்ந்து நடப்பான். வசதியற்றவனோ காய்ச்சலோடு வந்து மண்வெட்டுவான். தண்டத்தால் நாம் ஒழுங்கை நிலைநாட்டியிருக்கமாட்டோம். பணக்காரனுக்கு விலக்கு விற்றிருப்போம்.

நமது வீட்டு வாயிலில் ஒரு சான்று

வெளிநாட்டுச் சாட்சிகள் போதும். நாம் கூடியிருக்கும் இப்பொரளையிலிருந்து எல்விட்டிகல மாவத்தை வழியே சிறிது தூரம் சென்றால் நாரஹேன்பிட்டியில் தேசிய இரத்த நிலையம் இருக்கின்றது. இந்நாட்டில் ஆண்டொன்றுக்கு நான்கு இலட்சத்துக்கு மேற்பட்ட தடவை மக்கள் இரத்தம் கொடுக்கின்றனர். ஒரு சதமேனும் விலையாகப் பெறுவதில்லை. நோயாளியின் உறவினர் ஈடாக இரத்தம் கொடுக்கவேண்டும் என்ற பழைய முறையும் படிப்படியாகக் கைவிடப்பட்டது. 2014 முதல் இலங்கையின் இரத்தம் முழுவதும் தாமாக முன்வருவோரிடமிருந்து கைம்மாறின்றிப் பெறப்படுகின்றது. செல்வத்தில் நம்மைவிடப் பன்மடங்கு உயர்ந்த நாடுகள் சில இந்நிலையை இன்னும் எட்டவில்லை.

இதே பொருள்பற்றி 1970-இல் ரிச்சர்ட் டிட்மஸ் என்ற ஆங்கிலப் பேராசிரியர் ஒரு நூல் எழுதினார். இரத்தத்தை விலைக்கு வாங்கிய அமெரிக்காவையும், கொடையாகப் பெற்ற பிரித்தானியாவையும் ஒப்பிட்டு, விலை வந்த இடத்திற் கொடையுணர்வு ஒதுங்குகின்றது, நோயுற்ற இரத்தமும் கலக்கின்றது என்று வாதாடினார். பொருளியலாளர் பலர் அதை ஏற்கவில்லை. பின்னர் சுவீடனின் கோதன்பர்க் நகரில் அவ்வாதம் சோதிக்கப்பட்டது; 2008-இல் முடிவு வெளிவந்தது. இரத்தக் கொடையாளராகச் சேர வருமாறு கேட்டபொழுது, காசு பேசப்படாத பெண்களில் நூற்றுக்கு 52 பேர் இசைந்தனர். ஐம்பது குரோனர் தருவோம் என்றபொழுது 30 பேரே இசைந்தனர். அந்த ஐம்பதை விரும்பினால் தருமத்துக்குக் கொடுக்கலாம் என்றபொழுது மீண்டும் 53 பேர் இசைந்தனர். ஆண்களிடம் இவ்வேறுபாடு காணப்படவில்லை என்பதையும் சொல்லிவைக்கின்றோம்.

எதிர்த்தரப்பையும் கேட்போம். பரிசுப் பொருளோ விடுமுறையோ கொடுத்தவிடத்து இரத்தம் கொடுப்போர் தொகை பெரும்பாலும் கூடியது என்று பல நாட்டுக் கள ஆய்வுகளைத் தொகுத்து 2013-இல் ஆய்வாளர் சிலர் காட்டினர். இதையும் நாம் மறுக்கவில்லை. இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் உண்மை தெளிவாகின்றது. நன்றியின் அடையாளமாகக் கொடுக்கப்படும் பொருள் மதிப்பைக் கெடுப்பதில்லை. விலையாக நீட்டப்படும் காசே கெடுக்கின்றது. இரத்தம் கொடுத்தவனுக்கு ஒரு கோப்பைத் தேநீர் கொடுத்தால் அவன் மகிழ்வான். “உமது இரத்தம் இருநூறு ரூபா பெறும்” என்று சொன்னால் அவன் கையை இழுத்துக்கொள்வான்.

கண்தானத்தையும் நினையுங்கள். 1958-இல் ஹட்சன் சில்வா என்ற மருத்துவ மாணவர் பத்திரிகையில் ஒரு வேண்டுகோள் எழுதினார். இறந்தபின் மண்ணுக்குப் போகும் கண்ணை வாழ்வோர்க்குக் கொடுங்கள் என்பதே அதன் பொருள். 1961-இல் கண்தானச் சங்கம் தோன்றியது. 1964-இல் இலங்கையின் கண்கள் சிங்கப்பூருக்குச் சென்றன; அதன்பின் உலகின் பல நாடுகளுக்குச் சென்று பல்லாயிரவர்க்குப் பார்வை கொடுத்தன. ஏழை நாடொன்று செல்வ நாடுகளுக்கு வழங்கிய கொடை அது. குடும்பத்துக்குக் கண்ணொன்றுக்கு இவ்வளவு என்று அன்றே விலை பேசியிருந்தால், இவ்வியக்கம் ஓராண்டேனும் நிலைத்திருக்குமா?

குளமும் சட்டமும்

இனி நீருக்கு வருவோம். 1832-இல் கோல்புரூக் ஆணைக்குழுவின் பரிந்துரையின்படி ஆங்கில அரசு இராசகாரிய முறையை ஒழித்தது. மக்களைக் கட்டாய வேலையிலிருந்து விடுவித்தது நீதியே. ஆனால் குளக்கட்டையும் வாய்க்காலையும் ஊர் கூடிப் பேணிய ஒழுங்கும் அதோடு தளர்ந்தது. விட்டது நுகம், விட்டுப்போனது குளம். கால் நூற்றாண்டு கழியுமுன்னே அரசு தன் பிழையை உணர்ந்தது. 1856-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், நெற்காணி உடையோர் கூடித் தமது பழைய நீர்ப்பாசன வழக்கங்களை மீண்டும் நடைமுறைப்படுத்த வழிசெய்தது. வழக்கம் ஒருமுறை அறுந்தால் அதை முடிய ஒரு சட்டமும் ஒரு தலைமுறையும் தேவைப்படும் என்பதே இதன் படிப்பினை.

அறுந்ததை முடிந்த கதையும் உண்டு. கல்லோயா என்றதும் நம்மவர் உள்ளத்தில் 1956-ஆம் ஆண்டின் இரத்தக்கறை தோன்றும். அதை மறக்கச் சொல்லவில்லை. ஆயினும் அதே கல்லோயாவின் இடதுகரையில், 1980-களின் தொடக்கத்தில், கொழும்பிலிருந்த கமத்தொழில் ஆராய்ச்சி பயிற்சி நிலையமும் அமெரிக்கக் கோர்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து ஒரு முயற்சி செய்தன. படித்த இளைஞர் சிலரை ஊருக்குள் தங்கவைத்தனர். அவர்கள் காசு கொண்டுபோகவில்லை. வீடுவீடாகச் சென்று பேசினர். ஒரே வாய்க்காலில் நீர் எடுப்போரைச் சிறு குழுவாகக் கூட்டினர். 1981-இன் சிறுபோகத்தில் குளத்தில் நீர் மிகக் குறைவு. சண்டை மூளும் என்றே அதிகாரிகள் அஞ்சினர். நடந்தது வேறு. தலைமடைக் கமக்காரர் கூலியின்றி வாய்க்கால் துப்புரவாக்கினர். முறைவைத்து நீர் எடுத்தனர். மிச்சப்பட்டதைக் கடைமடைக்கு விட்டனர். இதை நோர்மன் அப்ஹோஃப் என்ற பேராசிரியர் 1992-இல் ஒரு நூலாகவே எழுதினார்.

தலைமடைக்காரனைக் கடைமடைக்கு நீர் விடச் செய்தது எது? கடைமடைக்காரன் முகத்தை அவன் கூட்டத்திற் பார்த்தான். அவன் பெயரைத் தெரிந்துகொண்டான். நல்லவன் என்று சொல்லப்பட்டான். அச்சொல் அவனுக்குப் போதுமான கூலியாயிற்று. ஒகசாக்கியில் எம்.ஆர்.ஐ. கருவி கண்டதை, கல்லோயாக் கமக்காரர் கால் நூற்றாண்டுக்கு முன்பே வாய்க்கால் வரம்பில் நின்று காட்டிவிட்டனர்.

மறுபக்கத்துக் குழி

இவ்வளவும் கேட்டபின் ஒருவர் எழுந்து, “அப்படியானால் ஏழைக்குக் கூலி வேண்டாம், பாராட்டுப் போதும் என்கின்றீர்களா?” என்று கேட்கலாம். கேட்கவேண்டிய கேள்வி அது. மதிப்பின் பெயரால் ஏழையின் கூலியை விழுங்கிய வரலாறு நம்மிடம் நிறைய உண்டு. இராசகாரியமும் ஒல்லாந்தர் காலத்து ஊழியமும் மரியாதையின் பெயராலேயே வாங்கப்பட்டன. நம் ஊர்களிற் சாதியின் பெயரால் இலவச வேலை வாங்கியோர் அதை வழக்கம் என்றனர், கடமை என்றனர். செய்தவன் வயிறு மட்டும் காய்ந்தது. அடிமைமுறை 1844-இற் சட்டப்படி ஒழிந்தது. அவ்வெண்ணம் ஒழிய இன்னும் எவ்வளவோ காலம் எடுத்தது. மலையகத் தோட்டத் தொழிலாளர் நாளொன்றுக்கு 1000 ரூபா கேட்டு ஆண்டுக்கணக்காகப் போராடி, 2021-இலேயே அது வர்த்தமானியில் வரக் கண்டனர். அவர்களிடம் போய், காசு மூளையைக் கெடுக்கும் என்று பேசுபவன் அறிஞனல்லன். தோட்டத் துரையின் கணக்கப்பிள்ளை.

ஆகவே இருவகை வேலையைப் பிரித்தறிவோம். பிறர் இலாபத்துக்காக ஒருவன் உழைத்தால், அல்லது தன் வாழ்வுக்காக உழைத்தால், அதற்குக் கூலி உரிமை; முழுமையாகவும் அன்றைக்கன்றும் கொடுக்கப்படவேண்டியது. தனக்கும் அயலுக்கும் பொதுவான ஒன்றைப் பேணப் பலரும் சமமாகக் கைகொடுப்பது வேறு. அங்கே ஒருவன் பெறுவது ஊரின் மதிப்பு. முதலாவதில் மதிப்பைக் காட்டிக் காசை மறுப்பது திருட்டு. இரண்டாவதிற் காசைக் காட்டி மதிப்பை விரட்டுவது மடமை.

சட்டம் இவ்வேறுபாட்டை அறியும். 1981-ஆம் ஆண்டின் பாராளுமன்றத் தேர்தல்கள் சட்டம், வாக்குக்குக் காசு கொடுப்பதை மட்டுமன்றி, வாக்கை மாற்றும் நோக்கோடு விருந்தளிப்பதையும் ஊழற் செயலாகக் கொள்கின்றது. ஏன்? அரிசி வாங்குவதும் விற்பதும் குற்றமல்ல. வாக்கு அரிசியன்று, விலை சொன்ன கணத்தில் அது வாக்காக இருப்பதை விட்டுவிடுகின்றது. விலை சொன்னதும் தன்மை மாறும் பொருள்கள் உலகில் உண்டு. ஊர்க் கைம்மாற்றும் அவற்றுள் ஒன்று.

நாம் செய்யத்தக்கது

யோசனைக்குத் திருத்தமாக நான்கு கூறுகளை முன்வைக்கின்றோம்.

ஒன்று: கொழும்பிற் சேரும் நிதி செல்லட்டும், ஆனால் ஆளுக்கு நாட்காசாகச் செல்லவேண்டாம். சீமெந்துக்கும் துருசுக் கதவுக்கும் பெக்கோ வாடகைக்கும் செல்லட்டும். மண்வெட்டியால் முடியாததைக் காசு செய்யட்டும். மண்வெட்டியால் முடிவதைக் கை செய்யட்டும்.

இரண்டு: தண்டம் வேண்டாம். வராத வீட்டுக்குத் தண்டச் சீட்டு அனுப்புவதற்குப் பதிலாக, அமைப்பின் பெரியவர் இருவர் அன்று மாலையே நடந்துபோய், “தம்பி, இன்றைக்கு உம்மைக் காணவில்லை, சுகமில்லையோ?” என்று கேட்கட்டும். அக்கேள்விக்கு முகங்கொடுப்பதைவிட ஐந்நூறு ரூபா கட்டுவது இலகு என்பதை அனைவரும் அறிவோம். அதனாலேயே அக்கேள்வி வேலை செய்யும். உண்மையிற் சுகமில்லையாயின், அவ்வீட்டுக்கு உதவியும் அன்றே தெரியவரும்.

மூன்று: அன்றாடம் உழைத்தால்தான் அடுப்பெரியும் என்ற நிலையில் உள்ளவன், ஒரு நாள் கூலியை இழந்து வாய்க்காலுக்கு வரவேண்டும் என்று கேட்பது நீதியன்று. காணியற்றவனுக்கு அவ்வாய்க்காலால் நேரான பயனும் இல்லை. அவனைக் கூப்பிட்டால் முழுக் கூலி கொடுத்தே கூப்பிடவேண்டும். அதைச் சிரமதானம் என்று பெயர்சூட்டவும் வேண்டாம்.

நான்கு: கொழும்பு அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். காசு அனுப்புவதோடு உங்கள் கடமை முடிந்ததென்று எண்ணாதீர்கள். போகத்துக்கொரு முறை, பொறியியலாளர் வந்து துருசைப் பாருங்கள். கணக்காளர் வந்து அமைப்பின் கணக்கை எழுதிக்கொடுங்கள். மருத்துவர் வந்து வேலை நடக்கும் நாளில் முதியோரைப் பாருங்கள். சட்டத்தரணிகளாகிய நாம் காணிப் பத்திரங்களோடு ஒரு மரத்தடியில் உட்காருகின்றோம். நிதிப் பட்டியலை வாசிக்கும்பொழுது பெயரை மட்டும் வாசிப்போம், தொகையை வாசிக்கவேண்டாம். தொகை வாசிக்கப்படும் சபையில் ஐம்பதினாயிரம் கொடுத்தவன் நிமிர்வான்; ஒரு நாள் மண்வெட்டியவன் தலைகுனிவான். அது நடந்தால், பெயரைக் கேட்டு மகிழும் அவ்வுள்ளத்தை நாமே அவித்தவர்களாவோம்.

அன்பர்களே! பொரளையில் நின்றுகொண்டு 1983-ஐச் சொல்லாமற் போகமுடியாது. ஜூலை 24-ஆம் தேதி இரவு இங்கே, கனத்தை மயானத்தின் அருகே மூண்ட தீயே நாடெங்கும் பரவியது. அந்நாட்களில் இந்நகரின் தமிழர் எத்தனையோ பேர் உயிர் தப்பியது, சிங்கள அயலவரும் முஸ்லிம் அயலவரும் தம் வீட்டுக் கதவைத் திறந்ததனால். தம் உயிருக்கும் ஆபத்து என்று தெரிந்தே அவர்கள் திறந்தார்கள். அக்கதவுக்கு எவரும் வாடகை பேசவில்லை. ஆண்டுக்கணக்காக ஒருவர்க்கொருவர் பலகாரத் தட்டு அனுப்பியதும், பிள்ளைகள் ஒன்றாக விளையாடியதும், நோய்க்கு ஓடிவந்ததுமே அன்று கதவாகத் திறந்தன. சேமிப்புப் புத்தகத்தில் இருந்த காசு எரிந்த கடைகளோடு பலர்க்கு உதவாமற் போயிற்று. அயலவர் உள்ளத்திற் போட்டுவைத்திருந்த சேமிப்பு அன்று கைகொடுத்தது.

அத்தகைய சேமிப்பு ஒன்று நமது ஊர் வாய்க்கால்களில் இன்னும் மிஞ்சியிருக்கின்றது. அது குறைந்துவிட்டது என்பது உண்மை, வற்றிவிடவில்லை. அதைப் பெருக்கும் வழியிற் காசைச் செலவிடுவோம். அதைக் காசாக்கிச் செலவழித்துவிடாதிருப்போம். திருத்தங்களோடு யோசனையை ஏற்பதா, உள்ளவாறே ஏற்பதா என்பதை இச்சபை முடிவு செய்யவேண்டும். கொழும்பு அன்பர்கள் வாக்களிக்குமுன் கமக்காரர் பேசட்டும். வாய்க்கால் அவர்களுடையது.